ஒரு எமரித் தாளும் ஒரு வாடிக்கையாளரும்: அலுமினியத்தில் பிரஷ் பினிஷ்

ஹார்டுவேர் கடை நடத்தும் நம்மில் பலர் எமரித் தாளை ஒரு சரக்காகவே மதிப்பதில்லை. ஆணி, திருகு, சுண்ணாம்பு பிரஷ் ஆகியவற்றோடு அதுவும் ஒரு மூலையில் கிடக்கும். "ஒரு எமரி கொடுங்க" என்று வாடிக்கையாளர் கேட்பார். கடைப் பையன் கைக்கு எட்டிய தாளை உருவிக் கொடுப்பான். கல்லாவில் சில்லறை விழும். அத்தோடு அந்த வியாபாரம் முடிந்தது என்று நினைப்போம். இருபது ஆண்டுகளுக்கு மேலாக நானும் அப்படி நினைத்தவன்தான். அந்த நினைப்பால் ஒரு நல்ல வாடிக்கையாளரை இழக்கப் பார்த்தேன். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், எங்கள் கடைக்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டு வாடிக்கை. ஒரு நாள் காலை, கடை திறந்து ஊதுவத்தி ஏற்றிக்கொண்டிருக்கும்போதே வந்தார். செய்தித்தாளில் சுற்றியிருந்த ஒரு பொருளைக் கல்லா மேசையில் வைத்துப் பிரித்தார். பழைய ஆம்ப்ளிபையர் ஒன்றின் முகப்புத் தகடு அது. ஒன்றரை அடி நீளம், மூன்று மில்லிமீட்டர் கனம், சுத்த அலுமினியம். 1979-ல் முதல் சம்பளத்தை மிச்சம் பிடித்து வாங்கிய செட் என்று முன்பே ஒரு முறை சொல்லியிருக்கிறார். முகப்பில் இரண்டு மூன்று கீறல்கள் விழுந்திருந்தன. அவற்றைத் தேய்த்து எடுத்தால் பழைய மெருகு வந்துவிடும் என்று எண்ணி எங்கள் கடையில் எமரி வாங்கிப் போயிருக்கிறார். பையன் கொடுத்தது 60-ம் நம்பர். மரத்தில் பழைய வார்னிஷை உரித்தெடுக்கும் தாள் அது. அவரும் பாத்திரம் துலக்குவதுபோல வட்டம் வட்டமாகத் தேய்த்திருக்கிறார். தகடு எருமை உரசிய சுவர் மாதிரி ஆகியிருந்தது. குமிழ்களுக்குக் கீழே அச்சடித்திருந்த எழுத்துகளும் போய்விட்டன.

அவர் சத்தம் போடவில்லை. "அண்ணாச்சி, உங்களிடம் கேட்டுத்தானே வாங்கினேன்?" என்று மட்டும் சொன்னார். சத்தம் போட்டிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். "இதை இங்கேயே வைத்துவிட்டுப் போங்க சார். ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றேன். செய்து தரத் தெரியும் என்பதால் சொல்லவில்லை. வேறு என்ன சொல்வதென்று தெரியாமல் சொன்னது அது.

அந்த ஒரு மாதத்தில் இரவு கடை அடைத்தபின் மொட்டை மாடியில் உட்கார்ந்து, பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய அலுமினியத் துண்டுகளைத் தேய்த்துத் தேய்த்துக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஹார்டுவேர், பெயிண்ட், பாத்திரம், அலுமினியம் செக்ஷன், பெயர்ப்பலகை ஆகிய தொழில்களில் உள்ள உறுப்பினர்களுக்கு இது பயன்படும். இப்போதெல்லாம் வாடிக்கையாளர்கள் செல்போனில் வீடியோ பார்த்துவிட்டு வந்து "240 இருக்கா, மெரூன் பேட் இருக்கா" என்று கேட்கிறார்கள். விழிக்கிற கடையை விட்டுவிட்டு ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிடுகிறார்கள்.

பளபளப்பு வேறு, பிரஷ் பினிஷ் வேறு

லிப்ட் கதவு, பிரிட்ஜ் கைப்பிடி, விலை உயர்ந்த ஆம்ப்ளிபையர் முகப்பு, நகைக்கடை ஷோகேஸ் பட்டை ஆகியவற்றில் கண்ணாடி போலப் பளபளக்காமல், மெல்லிய இணைகோடுகளோடு பட்டுத்துணி போல மினுங்கும் மேற்பரப்பைப் பார்த்திருப்பீர்கள். அதைத்தான் பிரஷ் பினிஷ் என்கிறோம். பட்டறைக்காரர்கள் ஹேர்லைன் என்பார்கள். எவர்சில்வர் வியாபாரத்தில் இதற்கு நெருங்கிய ரகம் 'நம்பர் 4 பினிஷ்' என்ற பெயரில் தகடாகவே வருகிறது.

இதன் இரகசியம் ஒன்றே ஒன்றுதான். இது மெருகு ஏற்றும் வேலையே அல்ல, ஒழுங்காகக் கீறும் வேலை. கீறல்கள் எல்லாம் ஒரே திசையில், ஒரே ஆழத்தில், முனையிலிருந்து முனைவரை அறுபடாமல் ஓட வேண்டும். அவ்வளவுதான். எவ்வளவு பலமாகத் தேய்க்கிறோம் என்பதற்கு இதில் மதிப்பில்லை. பெரியவரின் தகடு கெட்டதற்கு 60-ம் நம்பர் தாள் பாதிக் காரணம். வட்டமாகத் தேய்த்தது மீதிப் பாதி. 240-ம் நம்பரை வைத்து வட்டமாகத் தேய்த்திருந்தாலும் தகடு கெட்டுத்தான் போயிருக்கும், கொஞ்சம் நயமாக.

கோடுகள் ஒரே திசையில் இருப்பதால் வெளிச்சம் அவற்றின் குறுக்கே பட்டையாகப் பரவுகிறது. கோட்டோடு சேர்ந்து விழும் சிறு கீறல் கண்ணுக்குத் தெரியாது. கோட்டுக்குக் குறுக்கே விழும் மயிரிழைக் கீறலோ பத்தடி தூரத்திலும் தெரியும். ஷோரூம் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரே தகட்டிலிருந்து வெட்டிய இரண்டு துண்டுகளை, ஒன்றில் கோடு நெடுக்காகவும் மற்றொன்றில் குறுக்காகவும் இருக்கும்படி பக்கத்தில் பொருத்தினால், இரண்டும் வெவ்வேறு நிறம்போலத் தெரியும். "வேறு லாட் சரக்கைக் கலந்துவிட்டான்" என்று தகடு கொடுத்தவரோடு சண்டைக்குப் போவோம். வெட்டும் முன் ஒவ்வொரு துண்டின் பின்புறமும் பென்சிலால் அம்புக்குறி போட்டு வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். அலுமினியத்தின்மேல் காற்றுப் பட்டவுடன் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு தோல் ஒன்று படிந்துவிடுகிறது. தொடர்ந்து துருப்பிடித்து அழியாமல் அந்த உலோகத்தைக் காப்பது இந்தத் தோல்தான். பழுப்பு நிற எமரித் தாளில் ஒட்டியிருக்கும் தூளும் அதே அலுமினியம் ஆக்சைடுதான். அலுமினியத்தை அறுப்பது அலுமினியத்தின் பிள்ளையே என்று சொல்லலாம். கறுப்பு நிற வாட்டர் பேப்பரில் இருப்பது சிலிக்கன் கார்பைடு. இந்த வேலைக்கு இரண்டும் ஆகும்.

நம் பக்கத்து வியாபாரிகளுக்கு அலுமினியம் அன்னியமானதல்ல. சென்னையில் ஓவியக் கல்லூரியாக இப்போது இருக்கும் அன்றைய மதராஸ் கலைப்பள்ளியில்தான் ஆல்பிரட் சாட்டர்டன் 1898-ல் அலுமினியப் பாத்திரம் செய்யும் முயற்சியைத் தொடங்கினார். பித்தளையும் செம்பும் விற்ற பாத்திரக் கடைகளில் வெள்ளைப் பாத்திரம் நுழைந்த கதை அங்கிருந்துதான் ஆரம்பம். 1960-களில் மேட்டூரில் அலுமினியத் தொழிற்சாலையே வந்தது. சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட்டிலிருந்து உலோகம் எடுத்தார்கள். இப்படி நூறு வருடத்துக்கு மேலாக விற்றும், அதன் மேற்பரப்பைப் பற்றி நமக்குத் தெரிந்தது கொஞ்சம்தான்.

தாளை உருவும் முன் கேட்க வேண்டியது

"எந்தச் சாமானுக்கு சார்?" என்ற கேள்விதான் முதலில். வெறும் அலுமினியமா, அனோடைஸ் செய்ததா, பவுடர் கோட்டிங் உள்ளதா என்பது தெரியாமல் தாள் கொடுக்கக் கூடாது. ஜன்னல் செக்ஷன்கள் பெரும்பாலும் அனோடைஸ் செய்தவை அல்லது பவுடர் கோட்டிங் உள்ளவை. அனோடைஸ் என்பது மின்சாரம் பாய்ச்சி அந்த ஆக்சைடு தோலைக் கனமாக வளர்த்தெடுப்பது. கட்டட வேலைக்கு வரும் சரக்கில் அது பொதுவாக 10 முதல் 25 மைக்ரான் வரை இருக்கும். மிகக் கடினமான தோல். தாளை அது தின்றுவிடும். ஓரிடத்தில் தோல் போய் ஓரிடத்தில் இருந்தால் தேமல் விழுந்தது போல ஆகும். சந்தேகமாக இருந்தால் கடையில் உள்ள மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, இரண்டு முனைகளையும் தகட்டின்மேல் அழுத்தாமல் மெல்லத் தொடுங்கள். முள் ஓடினால் வெறும் அலுமினியம். அசையாவிட்டால் மேலே தோலோ பெயிண்டோ இருக்கிறது. இந்தச் சோதனையைக் கண் முன்னே செய்து காட்டினால் வாடிக்கையாளருக்கு நம்மேல் வரும் மதிப்பே தனி.

காஸ்டிக் சோடா போட்டு அனோடைஸ் தோலைக் கரைக்கலாம் என்று சிலர் கேட்டு வருவார்கள். கரையும், உண்மைதான். ஆனால் தோலுக்கு அடுத்தபடி உலோகத்தையும் கரைக்கத் தொடங்கிவிடும். ஹைட்ரஜன் வாயு கிளம்பும். கண்ணில் ஒரு துளி தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. வீட்டில் செய்கிற வேலை அல்ல இது. இதற்காகக் கேட்பவருக்கு நான் காஸ்டிக் விற்பதில்லை.

அடுத்தது ஏ.சி.பி. பெயர்ப்பலகைக்கும் கடை முகப்புக்கும் வரும் இந்தத் தகட்டில் நடுவே பிளாஸ்டிக், இரண்டு பக்கமும் அலுமினியத் தோல். அந்தத் தோலின் கனம் அரை மில்லிமீட்டரும் அதற்குக் குறைவும்தான். மேலே பெயிண்டும் இருக்கும். பிரஷ் டிசைன் என்று விற்பதில் பலவற்றில் கோடு அச்சடித்ததுதான். அதன்மேல் தாளைப் போட்டால் போனது போனதுதான். வார்ப்பு அலுமினியமும் சரிப்படாது. மின்விசிறி பாடி, பழைய கைப்பிடி போன்றவற்றில் சிலிக்கன் கலப்பும் நுண்துளைகளும் உண்டு. எவ்வளவு தேய்த்தாலும் சாம்பல் பூத்தே நிற்கும், கோடு எடுக்காது. உருட்டிய தகடு, பிளாட், ஆங்கிள், குழாய் ஆகியவைதான் இந்த வேலைக்கு ஏற்றவை.

எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும்

தாளின் எண் கூடக் கூட மணல் பொடியாகும் என்பது எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு பொடி என்று தெரிந்தால் வேலை விளங்கும். 60-ம் நம்பரில் துகள் சராசரியாக 270 மைக்ரான், அதாவது கால் மில்லிமீட்டருக்கும் மேல். 120-ல் 125 மைக்ரான். 240-ல் ஏறக்குறைய 58. 400-ல் 35. பெரியவர் கையில் நாம் கொடுத்தது, கொடுத்திருக்க வேண்டியதைப்போல நாலரை மடங்கு பெரிய கல்.

சில தாள்களின் முதுகில் எண்ணுக்கு முன்னால் 'பி' என்ற ஆங்கில எழுத்து இருக்கும், சிலவற்றில் இருக்காது. பி போட்டது ஐரோப்பிய அளவு, போடாதது அமெரிக்க அளவு. 220 வரை இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். அதற்கு மேலே போகப் போக விலகிவிடும். பி இல்லாத 320-ம், பி 400-ம் கிட்டத்தட்ட ஒரே பொடி. பி இல்லாத 400 என்பது பி 800-க்குப் பக்கத்தில் வந்துவிடும். ஒரு கம்பெனித் தாளில் ஆரம்பித்து, பாதியில் தீர்ந்துபோய், அதே எண்ணில் வேறு கம்பெனித் தாளை வாங்கிப் போனவர் "கோடு ஒட்டவில்லையே" என்று வந்து நிற்பது இதனால்தான். ஒரு வேலைக்கு வேண்டிய தாளை ஒரே கட்டிலிருந்து எண்ணிக் கொடுத்துவிடுவது நல்லது.

செய்முறை

தகட்டைத் திரவ சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, பிறகு தின்னர் நனைத்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க வேண்டும். துணி என்றால் திருப்பூர் பனியன் வேஸ்டில் வெள்ளையாகப் பொறுக்கி எடுத்தது. சாயத் துணி வேண்டாம், தின்னரில் சாயம் கழன்று தகட்டில் ஏறும்.

தகடு அசையக் கூடாது. சமமான ஒட்டுப்பலகையின்மேல் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டிவிடலாம். தகட்டைச் சுற்றி அதே கனத்தில் மரச் சட்டம் அல்லது வேண்டாத அலுமினியத் துண்டு வைத்து ஆணி அடித்தால் இன்னும் நல்லது. ஏன் என்பதற்கு அப்புறம் வருகிறேன். மேலே ஒரு ஓரமாக நீள ஸ்கேலையோ நேரான அலுமினிய ஆங்கிளையோ கிளாம்ப் போட்டு இறுக்கிக்கொள்ள வேண்டும். கைக்கு வழிகாட்டி அதுதான். இது இல்லாமல் நேர்க்கோடு வரும் என்று எந்தக் கெட்டிக்காரர் சொன்னாலும் நம்பாதீர்கள். மனிதக் கை தோளை மையமாக வைத்து வில்லாகத்தான் போகும். என் முதல் பத்துத் துண்டுகளும் வானவில்தான்.

தாளை விரலால் பிடித்துத் தேய்க்கக் கூடாது. விரல் படும் இடத்தில் ஆழமும் விரலிடுக்கில் மேலோட்டமுமாகக் கோடு விழும். உள்ளங்கை அளவு மரக்கட்டையில் பழைய ஹவாய் செருப்பின் ரப்பரை ஒட்டி, அதன்மேல் தாளைச் சுற்றிக்கொண்டால் அழுத்தம் சமமாகப் பரவும்.

பழைய கீறல் ஆழமாக இருந்தால் முதலில் 120 அல்லது 180-ல் தொடங்க வேண்டும். இந்தக் கட்டத்தில் ஒரு தந்திரம் உண்டு. கடைசியில் கோடு எந்தத் திசையில் வரவேண்டுமோ, அதற்குக் குறுக்கே தேயுங்கள். கீறல்கள் எல்லாம் மறைந்தபின், அடுத்த நம்பரைக் கடைசித் திசையில் போடுங்கள். குறுக்குக் கோடுகள் ஒன்றுவிடாமல் மறையும் வரை அந்த நம்பரை விடக்கூடாது. குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால் மிச்சம் எது என்று கண்ணுக்கு நன்றாகத் தெரியும். ஒரே திசையில் எல்லா நம்பரையும் தேய்த்தால் பழைய ஆழக்கோடு ஒளிந்துகொண்டு, வேலை எல்லாம் முடிந்து லாக்கர் அடித்தபின் முகத்தைக் காட்டும். 120-லிருந்து நேராக 320-க்குத் தாவுவதும் தவறு. 120, 180, 240 என்று படியேற வேண்டும். ஆம்ப்ளிபையர் முகப்பு போன்ற நயமான வேலைக்கு 320 வரை போகலாம். அதற்கு மேலே போனால் கோடு மங்கி, பளபளப்பும் இல்லாமல் கோடும் இல்லாமல் நடுவில் நிற்கும்.

கடைசி நம்பரில்தான் பொறுமை வேண்டும். கட்டையைத் தகட்டுக்கு வெளியே, அந்த மரச் சட்டத்தின் மேலேயே தொடங்க வேண்டும். ஸ்கேலை ஒட்டி, ஒரே வேகத்தில், ஒரே அழுத்தத்தில் இழுத்து, தகட்டைத் தாண்டி எதிர்ச் சட்டத்தில் போய் நிறுத்தித் தூக்க வேண்டும். மறுபடி பழைய இடத்திலிருந்தே தொடங்க வேண்டும். முன்னும் பின்னும் இழுக்கக் கூடாது. நடுவில் நிறுத்தினாலோ திரும்பினாலோ அந்த இடத்தில் தூண்டில் முள் மாதிரி ஒரு கொக்கி விழும். அதை எடுக்க மறுபடி 180-க்குப் போக வேண்டும். சட்டம் வைக்கச் சொன்னதும் இதற்காகத்தான். சட்டம் இல்லாவிட்டால் ஓரத்தில் கட்டை சரிந்து விளிம்பு மழுங்கிவிடும்.

அலுமினியம் மெத்தென்ற உலோகம். தாளின் பற்களுக்கிடையே அடைத்துக்கொள்ளும். அடைத்த தாள் அறுக்காது, உருண்டையாகத் திரண்ட அலுமினியம் தகட்டைப் பள்ளமாகக் கிழிக்கும். அதனால் வாட்டர் பேப்பரில் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்ப்பது நலம். பட்டறைகளில் மண்ணெண்ணெய் விடுவது பழைய வழக்கம். வீட்டுக்குள் அது வேண்டாம். ஐந்தாறு இழுப்புக்கு ஒரு முறை தகட்டையும் தாளையும் துடைக்க வேண்டும். தாளை மாற்றக் கஞ்சத்தனம் கூடாது. (இதை நான் தாள் விற்பவன் என்பதால் சொல்லவில்லை.)

இறுதியாக மெரூன் நிற நார். பாத்திரம் துலக்கும் பச்சை நாரைப் போலவே இருக்கும், ஆனால் பட்டறை வேலைக்கென்று வருவது. ஸ்காட்ச் பிரைட் உட்பட பல பிராண்டுகளில் கிடைக்கிறது. அதைக் கட்டையில் சுற்றி, அதே திசையில், அழுத்தமே இல்லாமல் எட்டுப் பத்து முறை இழுத்தால் கோடுகளின் கூர்மை அடங்கிப் பட்டு மாதிரி ஆகிவிடும். சாம்பல் நிற நார் இன்னும் நயம். சமையலறைப் பச்சை நார் கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது, ஒரே சீராக வராது.

இரும்புக் கம்பி நாரை மட்டும் தொடவே வேண்டாம். அதன் இரும்புத் துணுக்குகள் மெத்தென்ற அலுமினியத்தில் குத்தி உட்கார்ந்துகொள்ளும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மழைக்காலம் வந்ததும் தகடு முழுக்கப் பழுப்புப் புள்ளிகள் கிளம்பும். அந்தப் புள்ளியைச் சுற்றியே அலுமினியம் அரிக்கவும் தொடங்கும். இரும்பைத் தேய்த்த எமரித் தாளைத் திரும்ப அலுமினியத்துக்கு எடுப்பதிலும் இதே கேடு.

தூசியை லேசாக நினைக்க வேண்டாம்

கையால், ஈரத்தோடு, ஒரு தகட்டைத் தேய்ப்பதில் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் வியாபாரம் சூடுபிடித்து, கிரைண்டரில் பிளாப் வீல் மாட்டி, அடைத்த கிடங்கில் வைத்து நாலு பேர் உலர்வாகத் தேய்க்க ஆரம்பித்தால் கதை வேறு. காற்றில் மிதக்கும் அலுமினியத் தூள் வெடிமருந்துக்குச் சமம். வாணவேடிக்கைக்கு அலுமினியப் பவுடர் போவது நமக்குத் தெரிந்ததுதானே. சீனாவில் குன்ஷான் நகரில், கார் சக்கரங்களுக்கு மெருகு போடும் ஆலை ஒன்றில் 2014 ஆகஸ்டு 2-ம் தேதி அலுமினியத் தூசி வெடித்தது. சிகிச்சை பலனின்றிப் பிறகு இறந்தவர்களையும் சேர்த்து மொத்தம் 146 பேர் உயிரிழந்தனர். அங்கே செய்துகொண்டிருந்ததும் மேற்பரப்பைத் தேய்க்கும் வேலைதான்.

இரும்பு தேய்க்கும் சக்கரத்தில் அலுமினியத்தைக் காட்டக் கூடாது. சக்கரத்தின் அடியில் சேரும் தூளில் இரும்புப் பொறி விழுந்தால் தீ. வீட்டு வாக்குவம் கிளீனரால் தூளை உறிஞ்சக் கூடாது. ஈரத் தூளைக் கூட்டி மூடிய டின்னில் போட்டு வைக்கவும் கூடாது. ஈரத்தோடு சேர்ந்து ஹைட்ரஜன் கிளம்பலாம். மூக்குக்கு மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி இரண்டையும் தாளோடு சேர்த்தே கொடுங்கள்.

மெருகு நிற்க

தேய்த்து முடித்த தகட்டை வெறுங்கையால் தொடக் கூடாது. விரல் ரேகை கோட்டுக்குள் இறங்கிவிடும். தின்னர் துணியால் கோட்டின் திசையிலேயே துடைத்து, அன்றைக்கே கிளியர் லாக்கர் ஸ்பிரே அடித்துவிட வேண்டும். மெல்லியதாக இரண்டு மூன்று முறை, இடைவெளி விட்டு அடிக்க வேண்டும். மழை நாளில் அடிக்காதீர்கள். காற்றில் ஈரம் இருந்தால் லாக்கர் பால் போல வெளுத்துவிடும். நவம்பர் மாதத்தில் நான் அடித்த இரண்டு துண்டுகளைப் பார்த்து, தயிர் கொட்டிவிட்டதோ என்று என் மனைவி கேட்டாள். உணவு படும் பாத்திரத்துக்கு லாக்கர் அறவே கூடாது. அப்படியே விட்டுவிட வேண்டியதுதான்.

வெளியில் மாட்டும் பலகைக்கும் கடலோர ஊர்களுக்கும் லாக்கர் போதாது. தூத்துக்குடி, நாகப்பட்டினம், சென்னை போன்ற ஊர்களில் உப்புக் காற்று கோடுகளுக்குள் தங்கிப் புள்ளி புள்ளியாக அரிக்கும். கோட்டை முதலில் போட்டுவிட்டு அனோடைசிங்குக்கு அனுப்புவதுதான் சரியான வழி. அனுப்பும்போது "பிரஷ் பினிஷ் சரக்கு, காஸ்டிக்கில் அதிகம் முக்காதீர்கள்" என்று சீட்டிலேயே எழுதி அனுப்புங்கள். அவர்கள் வழக்கம்போல முக்கியெடுத்தால் நாம் போட்ட கோடெல்லாம் கரைந்து வெறும் மங்கலாகத் திரும்பி வரும்.

கறை பிடித்த தகடுகள்

மொத்த வியாபாரிகளுக்கு ஒரு செய்தி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை நண்பர் ஒருவரின் கிடங்கில் தண்ணீர் புகுந்தது. அடுக்கி வைத்திருந்த அலுமினியத் தகடுகளுக்கு நடுவே ஈரம் ஏறி, பிரித்துப் பார்த்தபோது சாம்பலும் வெள்ளையுமாக மேகம் மேகமாகக் கறை. வெள்ளம்தான் வரவேண்டும் என்பதில்லை. குளிர்ந்த சரக்கை இறக்கியதும் புழுக்கமான கிடங்கில் நெருக்கி அடுக்கினாலே நடுவில் வியர்த்து இந்தக் கறை பிடிக்கும். எடைக்குப் போட்டுவிடலாம் என்று அவர் முடிவு கட்டியிருந்தார்.

நகத்தால் தடவிப் பாருங்கள் என்றேன். வழவழப்பாக இருந்த தகடுகளில் கறை மேலோட்டம்தான், 180-ம் 240-ம் போட்டால் போய்விடும். சொரசொரப்பாகத் தட்டுப்பட்டவற்றில் உலோகமே அரித்திருந்தது. அவற்றைத் தேய்க்கத் தேய்க்கப் பள்ளம்தான் பெரிதாகும். அப்படிப் பிரித்ததில் பாதிக்கு மேல் தேறியது. அவற்றைப் பிரஷ் பினிஷ் செய்து பெயர்ப்பலகை வேலைக்காரர்களுக்கு விற்றார்.

விற்றது எப்படி என்பதையும் சொல்ல வேண்டும். "இரண்டாம் தரம், நனைந்த சரக்கு, மறு மெருகு செய்தது" என்று பில்லிலேயே எழுதிக் கொடுத்தார். கூட இருந்த சிலர் சிரித்தார்கள். பார்த்தால் புதுசு மாதிரிதான் இருக்கிறது, ஏன் விலையைக் குறைக்கிறாய் என்றார்கள். ஆனால் கனம் சற்றுக் குறைந்த தகடு அது. வாங்கியவர் அளந்து பார்த்தால் தெரிந்துவிடும். மேலும் 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புதுப்பித்த பொருளைப் புதிது என்று காட்டுவதை முறையற்ற வணிக நடைமுறை என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. பில்லில் எழுதியதால் அவருக்கு விலையில் கொஞ்சம் போனது. எடைக்குப் போட்டிருந்தால் அதைவிட எத்தனையோ பங்கு போயிருக்கும்.

என் கடையில் இப்போது

எமரியை எண் வாரியாக அட்டைப் பெட்டிகளில் பிரித்து, பெட்டிமேல் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். 60, 80 இரண்டும் மரம், தரை என்று தனி வரிசை. அலுமினியத்துக்கென்று ஒரு பாக்கெட் போடுகிறோம். அதில் 180, 240, 320 தாள் இரண்டிரண்டு, மெரூன் நார் பாதித் துண்டு, ரப்பர் ஒட்டிய கட்டை, கொஞ்சம் பனியன் வேஸ்ட், ஒரு மாஸ்க். கட்டையைப் பக்கத்துத் தச்சுப் பட்டறையில் வீணாகும் துண்டுகளில் அறுத்து வாங்குகிறேன். கிளியர் லாக்கர் தனி. ஒரு தாள் விற்ற இடத்தில் ஏழெட்டுச் சாமான் போகிறது. கல்லாவுக்குப் பக்கத்தில் இரண்டு அலுமினியத் துண்டுகளை ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன். ஒன்று வட்டமாகத் தேய்த்தது, மற்றொன்று நேராக இழுத்தது. விளக்கம் சொல்லவே வேண்டியதில்லை, பார்த்ததும் புரிந்துகொள்கிறார்கள்.

பெரியவரின் தகடு ஒரு மாதம் அல்ல, ஏழு வாரம் ஆனது. 60-ம் நம்பர் கிழித்த பள்ளங்களை எடுக்க 120-லேயே நாலு இரவு போனது. எழுத்துகளை லேசர் மார்க்கிங் செய்பவரிடம் கொடுத்து, அதே மாடல் செட்டின் படம் ஒன்றைத் தேடி எடுத்துப் பார்த்துப் போட்டு வாங்கினேன். பழைய எழுத்தின் அழகு அதில் இல்லை. பெரியவர் தகட்டை வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். வலது ஓரத்தில் ஒரு கொக்கி மிச்சம் இருந்ததை அவர் கண் கண்டுபிடித்துவிட்டது. அதை விரலால் காட்டிவிட்டு, "எவ்வளவு ஆச்சு அண்ணாச்சி?" என்றார். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. லேசர்காரருக்குக் கொடுத்ததை மட்டும் வாங்கிக்கொண்டேன். போகும்போது அரை அங்குல மரத்திருகு ஒரு டஜன் கேட்டார், எடுத்துக் கொடுத்தேன்.